புதுச்சேரியின் வைகறை அமைதிக்கு வயது என்ன?

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு வைக்கப்படும் தடுப்புகள் மறுநாள் காலை ஏழரை மணிக்குத்தான் அகற்றப்படுகின்றன. இடைப்பட்ட நேரத்தில் ஊர்திகளுக்கு அங்கே அனுமதியில்லை. ஆய்வின் பொருட்டு இந்நகரில் தங்கியிருக்கும் இந்த ஐந்தாண்டுகளில், விடியலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தை அச்சாலையில் கழிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. நடைப்பயிற்சிக்கு வருவோரின் காலடியோசை, பழைய கலங்கரை விளக்கத்தின் அருகே அமர்ந்து தாழ்ந்த குரலில் பேசும் முதியோர், கருங்கற்களில் மோதும் அலை, கேட்பவை இவ்வளவே. சுற்றுலா விளம்பரங்கள் தொடங்கிப் புதுக்கவிதைகள் வரை எல்லாமே இவ்வமைதியை இந்நகரின் பிறவிக் குணமாகவே பேசுகின்றன. அண்மையில் ஒரு கருத்தரங்கில், காலங்காலமாக அமைதியில் கண்விழிக்கும் துறைமுக நகரம் என்னும் பொருள்பட ஒருவர் பேசக் கேட்டேன். துறைமுகம், அமைதி என்னும் இரு சொற்களும் ஒரே தொடரில் உடன்பட்டு நின்றதுதான் எனக்கு ஐயத்தைத் தந்தது. அந்த ஐயத்தின் விளைவு இப்பதிவு. நீளமானது, பொறுத்தருள்க.

மொழியியல் படித்தவன் என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். தொல்காப்பியர் வகுத்த சிறுபொழுதுகளில் வைகறையும் விடியலும் மருதத்துக்கு உரியவை. கடலும் கடல்சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு அவர் தந்தது எற்பாடு. எல் என்பது கதிரவன். எற்பாடு அது சாயும் பொழுது என்பதே உரைமரபில் பெருவழக்கு. பிற்காலத்தில் அதனைக் கதிரவன் எழும் பொழுது என்று பொருள்கொண்டோரும் உளர். பாடு என்னும் சொல்லை இருவகையாகவும் இழுக்க முடிந்ததால் எழுந்த விவாதம் அது. கீழைக்கடற்கரையில் நின்று பார்ப்பவர்க்கு இரண்டாவது பொருளின் மீது ஆசை பிறப்பது இயல்பே. ஆயினும் மரபின் முதன்மையான செவி, கடற்கரையின் உயிர்ப்பைச் சாயுங்காலத்தில்தான் கேட்டது. விடியலின் கடற்கரை அமைதியை அழகுப்பொருளாகக் கொள்வது நமது இலக்கணத்தின் முதல் அடுக்கைச் சேர்ந்ததன்று என்பதை மட்டும் இங்கே குறித்துவைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் கரையை அணுகாமல் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நின்றன. அலை உடையும் பகுதியைக் கடந்து சரக்கையும் ஆட்களையும் கரைசேர்த்தவை சலங்குகள். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை மோதும்போது உடையாமல் நெளிந்துகொடுக்கும். தமிழ்ச் சலங்கு பிரெஞ்சு ஆவணங்களில் ஷெலேங்கு என்று வழங்கும். கட்டுமரம் உலக மொழிகள் பலவற்றுள் புகுந்த கதையை நாம் அறிவோம். பகலில் கடற்காற்று எழும். இரவிலும் விடியலிலும் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். மீன்பிடிக்கச் செல்வோர் அந்தக் கரைக்காற்றைப் பிடித்தே புறப்படுவர். கடல் சற்று அடங்கியிருக்கும் பொழுதும் அதுவே என்பதால் சலங்குகளுக்கும் அதுவே வேலைப்பொழுது. எனவே கரையில் ஆள்கூட்டமும் கூச்சலும் மிகுந்திருக்க வேண்டிய நேரம், இன்று நாம் அமைதியின் நேரம் என்று கொண்டாடும் அதே நேரம்தான்.

இதற்குச் சான்று தேடுவோர் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுப்பர். 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரி வரை நீளும் அந்நூல், பேச்சுத்தமிழுக்கு மிக நெருங்கிய நடையில், பிரெஞ்சும் போர்த்துகீசியமும் பாரசீகமும் கலந்து எழுதப்பட்டது. துய்ப்ளே ஆளுநராக இருந்த காலத்தில் அவருடைய தலைமைத் துபாஷியாகவும் விளங்கியவர் பிள்ளை. அரசியல் வரலாறு எழுதுவோர் அந்நூலைப் போர்களுக்காகவும் பேரங்களுக்காகவும் படிப்பர். நான் அதனை ஒலிகளுக்காகப் படித்துவருகிறேன். அவ்வகையில் அது வியப்பூட்டும் ஆவணம். எந்தக் கப்பல் வந்தது, அதற்கு எத்தனை பீரங்கி முழங்கியது, மறுமொழியாகக் கோட்டையிலிருந்து எத்தனை, யாருடைய வருகைக்கு எத்தனை என்று எண்ணி எண்ணி எழுதுகிறார். பீரங்கி முழக்கம் அவருக்கு ஓசையன்று, மரியாதையின் அளவுகோல். எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் அதில் அரசியல் உண்டு. இத்தகைய நகரத்தில் ஒலி என்பது தொந்தரவாகக் கருதப்படவில்லை. ஒலி இல்லாமையே அச்சத்தைத் தந்தது: கப்பல் வராத பருவம், வணிகம் முடங்கிய மாதங்கள், முற்றுகையின் இடைவேளைகள்.

எனினும் ஒலியை அடக்கும் முயற்சியும் அதே நாட்குறிப்பில் உண்டு. 1748ஆம் ஆண்டு ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்தபோது, சேசுசபையாரின் தேவாலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. பிள்ளை அதனை மிகுந்த மனத்துயருடன் பதிவுசெய்கிறார். வழிபாட்டிடத்தின் அழிவாக மட்டுமே இதனை நாம் படித்திருக்கிறோம். அந்தக் கோயிலின் மணியும் மேளமும் விடியற்காலையில் ஒலித்துவந்த ஒரு தெருவிலிருந்து அவை அகன்றன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கோயில் பின்னர் வேறிடத்தில் எழுந்தது. கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி என்ற பிரிவினை இறுகியபோது, அமைதியும் ஓசையும்கூடக் கால்வாயின் இரு கரைகளுக்குப் பங்கிடப்பட்டன. கடற்கரையை ஒட்டிய அமைதி பாதியளவில் அந்தப் பங்கீட்டின் மிச்சம் என்பது என் கருத்து. இக்கருத்தை முழுமையாக நிறுவ இன்னும் ஆவண வேலை தேவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

1761 ஜனவரி இந்நகரின் வரலாற்றில் ஒரு பிளவு. புத்தாண்டு நாளில் வீசிய புயல், முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்கள் சிலவற்றை மூழ்கடித்தது. ஆயினும் நகரம் தப்பவில்லை. உணவு தீர்ந்த நிலையில் லாலி சரணடைந்தார். அதற்குச் சில நாள்களுக்கு முன்னர்தான் பிள்ளை காலமானார். அவர் கேட்ட நகரத்தின் ஒலியும் ஏறக்குறைய அவரோடு முடிந்தது. வெற்றிபெற்ற ஆங்கிலேயர் கோட்டையையும், துய்ப்ளே கட்டி முடித்த ஆளுநர் மாளிகையையும், நகரின் பெரும்பகுதியையும் திட்டமிட்டுத் தகர்த்தனர். 1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையின்படி 1765இல் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தது இடிபாடுகளே. ழான் லா தெ லொரிஸ்தோன் என்னும் ஆளுநர் பழைய தெருக்களின் தடத்திலேயே வீடுகளை மீண்டும் எழுப்பத் தொடங்கினார். புதுச்சேரியின் முதல் பெரும் அமைதி இந்த இடிபாட்டின் அமைதிதான்.

அவ்வமைதியைக் காதால் கேட்டு எழுதிவைத்தவர் ஒரு வானியலாளர். கியோம் லெ ழாந்தி என்பது அவர் பெயர். கதிரவனின் முகத்தைச் சுக்கிரன் கடந்துசெல்லும் காட்சியை உலகின் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் அளந்தால், பூமிக்கும் கதிரவனுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கணிக்க முடியும் என்பது அன்றைய வானியலின் பெருங்கனவு. 1761 ஜூன் 6, 1769 ஜூன் 3-4 என இருமுறை அக்காட்சி நிகழவிருந்தது. அதன் பின்னர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். 1760 மார்ச்சில் பிரான்சிலிருந்து புறப்பட்ட லெ ழாந்தி புதுச்சேரியை இலக்காகக் கொண்டிருந்தார். 1761 மே மாதம் மலையாளக் கரையில் மாஹேவை நெருங்கியபோதுதான் மாஹேயும் புதுச்சேரியும் ஆங்கிலேயர் வசம் போய்விட்ட செய்தி கப்பலுக்கு எட்டியது. கப்பல் திரும்பியது. ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவாக இருந்தது, சுக்கிரனையும் கண்டார், ஆடும் கப்பலின் மேல்தளத்தில் நின்று எடுத்த அளவு எதற்கும் பயன்படாது என்பதையும் அறிந்திருந்தார்.

ஊர் திரும்பாமல் அடுத்த எட்டாண்டுகள் இந்தியப் பெருங்கடலிலேயே தங்கினார். மொரீசியசு, மடகாஸ்கர், மணிலா என்று அலைந்து 1768 மார்ச் 27 அன்று புதுச்சேரியில் இறங்கினார். மணிலாவிலிருந்தே காட்சியைக் காண எண்ணியவரை, பாரிசிலிருந்து வந்த அறிவுறுத்தல் புதுச்சேரிக்குத் திருப்பியது. தகர்க்கப்பட்ட பழைய ஆளுநர் மாளிகையின் எச்சத்தின் மீதே அவருக்கு ஆய்வுக்கூடம் அமைத்துத் தந்தார் லா. சென்னையிலிருந்த ஆங்கிலேயர் ஒரு நல்ல தொலைநோக்கியை இரவல் தந்தனர். எட்டாண்டுகளுக்கு முன் அந்த மாளிகையைத் தகர்த்தவர்களே, அதன் இடிபாட்டில் அமர்ந்து விண்ணைப் பார்க்கக் கருவி அனுப்பினர். அறிவியல் வரலாற்று நூல்கள் இதனைப் பெருந்தன்மைக்குச் சான்றாகக் காட்டும். எனக்கு அதில் ஒரு கசப்பும் தெரிகிறது.

1769 மே மாதம் முழுவதும் காலைப்பொழுதுகள் தெளிவாகவே இருந்தன. சுக்கிரன் கதிரவனின் முகத்தில் நுழைவது புதுச்சேரியில் நள்ளிரவை ஒட்டி நிகழும் என்பதால் அதைக் காண இயலாது. காலை ஏழு மணியளவில் அது விலகுவதைக் காணலாம். ஜூன் 4, ஞாயிறு. அதிகாலை இரண்டு மணிக்கு லெ ழாந்தி விழித்துக்கொண்டார். முதலில் அவர் வானத்தைப் பார்க்கவில்லை, காதைத்தான் நம்பினார். தென்கிழக்கிலிருந்து மணல்திட்டு முனகும் ஓசை கேட்டது. அத்திசையிலிருந்து ஓசை வருகிறதென்றால் காற்றும் அத்திசையிலிருந்தே வீசுகிறது என்று பொருள். தென்கிழக்குக் காற்று இக்கரையின் வானத்தைத் துடைத்துவிடும் என்பதை இந்த ஓராண்டில் அவர் கற்றிருந்தார். மனம் அமைதியுற்றது. ஆயினும் ஆவல் தாங்காமல் எழுந்துபோய்ப் பார்த்தபோது வானம் எங்கும் மூடிக் கிடந்தது. காற்று அறவே அசையவில்லை. ஐந்து மணியளவில் மெல்லக் காற்றெழுந்தது. பின்னர் வேகமாகி மேகத்தைக் குவித்தது. சுக்கிரன் விலகும் கணத்தில் மேகத்திரைக்குப் பின்னால் ஒரு மங்கிய வெண்மை மட்டும் தெரிந்தது. சிறிது நேரத்தில் வானம் வெளுத்துக் கதிரவன் நாள் முழுவதும் ஒளிர்ந்தான். அன்று மணிலாவில் வானம் தெளிவாக இருந்தது என்பதைப் பின்னர் அறிந்தார். இரண்டு வாரங்கள் அவரால் எழுதுகோலைத் தொட இயலவில்லை.

இக்கதையைத் துரதிருஷ்டத்தின் கதையாகவே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். நாடகம்கூட எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் முதன்மையாகத் தோன்றுவது அந்த இரண்டு மணி. நகரின் நடுவே ஒரு கட்டடத்தில் படுத்திருப்பவருக்கு, கடலில் அலை உடையும் திட்டின் ஓசை திசையோடு கேட்கிறது. திசையிலிருந்து காற்றையும், காற்றிலிருந்து வானிலையையும் அவர் உய்த்துணர்கிறார். இவ்வறிவு பாரிசில் கிடைத்ததன்று. இக்கரையின் மாலுமிகளிடமும் மீனவரிடமும் இருந்த அறிவு அது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயரிட்டு, பெயரைச் சொன்னாலே அலையின் போக்கும் மீனின் வரத்தும் விளங்கிவிடும் ஒரு சொற்களஞ்சியம் இன்றும் மீனவக் குப்பங்களில் வாழ்கிறது. அவர்களுக்கு வைகறை அமைதி என்பது ஓசை இல்லாமை அன்று. ஒவ்வொரு ஓசையும் தனித்துக் கேட்கும் நிலை. நாம் அமைதி என்று அழைப்பதும் அவர்கள் கேட்பதும் வெவ்வேறு.

அந்த வானியலாளர் இங்கே தங்கியிருந்த காலத்தில் வேறொன்றும் செய்தார். தமிழ்க் கணியர்களிடம் அவர்களுடைய கணித முறையைக் கற்க முயன்றார். அவருக்குக் கற்பித்தவர், 1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தைச் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, முக்கால் மணி நேரத்துக்குள் கணித்துக் காட்டினார். கிரகண நீட்சியில் நேர்ந்த பிழை 41 விநாடி மட்டுமே. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த பட்டியல்களாகக் கருதப்பட்ட டோபியாசு மாயரின் கணக்கு 68 விநாடி பிழைபட்டது. ஒற்றை நிகழ்வைக் கொண்டு எது உயர்ந்தது என்று முழங்குவது நம்மவரிடம் பரவியுள்ள நோய். அதை நான் செய்யப்போவதில்லை. 1825இல் ஜான் வாரன் என்பவர் இதே புதுச்சேரியில் இன்னொரு கணியரைக் கண்டார். அவர் கணித்த கிரகணத்தின் தொடக்கம் சில நிமிடங்களே பிழைபட்டது. முடிவோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் விலகியது. இரண்டு செய்திகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மொழியியலாளனுக்கு அதில் உள்ள சுவை வேறு. அந்த எண்கள் எண்களாக மனப்பாடம் செய்யப்படவில்லை. எழுத்துகளுக்கு எண்மதிப்புத் தந்து, பொருள்தரும் சிறு தொடர்களாக்கி, வாக்கியம் என்ற பெயரால் ஓதிவந்தனர். நிலவின் 248 நாள் சுழற்சிக்கு 248 வாக்கியங்கள். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரின் வேர் இதுவே. 1952இல் ஓட்டோ நாய்கபவர் இப்புதுச்சேரிக் கணியர்களின் முறையை ஆராய்ந்து, அதே 248 நாள் கணக்கு பாபிலோனிய, கிரேக்க மரபுகளோடு உறவுடையது என்று காட்டினார். கடல்வழி வந்த அறிவு கடற்கரை நகரொன்றின் திண்ணையில் வாய்மொழியாகவே வாழ்ந்திருக்கிறது.

இங்கே பொழுதைப் பற்றியும் ஒன்று. ஐரோப்பிய வானியலாளரின் நாள் அக்காலத்தில் நண்பகலில் தொடங்கியது. ஊராட்சியின் நாள் நள்ளிரவில். தமிழ்க் கணியரின் நாளோ கதிரவன் எழும்போது தொடங்குகிறது. அங்கிருந்து அறுபது நாழிகை. லெ ழாந்தி எட்டாண்டுகள் காத்திருந்த கணம், அவருக்குக் கற்பித்தவரின் கணக்கில், ஒரு ஞாயிற்றுக்கிழமையின் மூன்றாம் நாழிகை கழிந்து சற்று நேரத்தில் வந்து போனது. ஒருவருக்கு அது நீண்ட இரவின் முடிவு. மற்றவருக்கு அப்போதுதான் நாள் தொடங்கியிருந்தது. மேகம் இருவருக்கும் பொது.

1770 மார்ச்சில் லெ ழாந்தி புதுச்சேரியை விட்டுச் சென்றார். தாம் இறந்துவிட்டதாகக் கருதப்பட்டு, உறவினர் தம் சொத்தைப் பங்கிட முனைந்திருப்பதை ஊர் திரும்பியபின் கண்டார். அவர் எழுதிய பயணநூலில் இன்னொரு செய்தியும் உண்டு. நகருக்குத் தெற்கே வீராம்பட்டினம் அருகே ஆற்றங்கரையில் பெரிய செங்கற்களாலான பழைய சுவர்களைக் கண்டதாகக் குறிக்கிறார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து உரோமானிய வணிகத் தொடர்பை நிறுவிய அரிக்கமேடு அதுவே. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆம்போராச் சாடிகள் இறங்கிய துறை அது. அந்த விடியல்களும் அமைதியானவையாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

19ஆம் நூற்றாண்டை விரைந்து கடக்கிறேன். 1836இல் கலங்கரை விளக்கம் எழுந்தது. நூற்றாண்டின் பிற்பாதியில் இரும்புப் பாலம் கடலுக்குள் நீட்டப்பட்டது. சலங்குகளின் வேலை குறைந்து, சரக்குப் போக்குவரத்து பாலத்துக்கு மாறியது. கூர் ஷப்ரோல் என்று அன்று அழைக்கப்பட்ட கடற்கரைச் சாலை மாலைநேர உலாவுக்கான இடமாயிற்று. அந்தப் பாலம் 1952ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்தது; அதன் கால்கள் சில கடலில் நெடுங்காலம் நின்றன. பாரதி இங்கே வாழ்ந்த 1908 முதல் 1918 வரையிலான பத்தாண்டுகளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போகிறேனே என்று சிலர் கேட்கக்கூடும். அதற்குத் தனிப்பதிவு வேண்டும். அதிலும் கடற்கரையில் அவரைக் கண்காணித்த ஒற்றர்களைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டியிருக்கும்.

நான் நின்று பேச விரும்புவது ஆலைச் சங்கைப் பற்றி. சவானா, கெப்ளே, ரோடியர் என்னும் மூன்று பஞ்சாலைகள் புதுச்சேரியின் 20ஆம் நூற்றாண்டு விடியலை ஆண்டன. நாழிகையும் கோயில் மணியும் சொல்லிவந்த நேரத்தைச் சங்கு சொல்லத் தொடங்கியது. முதல் சங்கில் எழுந்து, அடுத்ததில் வாயிலை அடைய வேண்டும். தாமதமானால் கூலி போகும். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிருவர் உயிரிழந்தனர். அப்போராட்டத்தின் தொடர்ச்சியாக 1937இல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. வ. சுப்பையா முதலியோரின் பெயர் இவ்வரலாற்றோடு பிணைந்தது. எட்டு மணி நேரம் என்பதை நாம் வேலையின் அளவாக மட்டும் நினைக்கிறோம். விடியலின் உரிமை யாருக்கு என்ற கேள்வியும் அதற்குள் இருந்தது. பத்து மணி நேரத்துக்கு மேல் உழைப்பவனுக்கு வைகறை என்ற பொழுதே கிடையாது. அவன் இருளில் போய் இருளில் திரும்புவான்.

முதலியார்பேட்டையில் ரோடியர் ஆலையில் முப்பதாண்டு வேலைபார்த்த பெரியவர் ஒருவரை நேர்காணலுக்காகச் சந்தித்தேன். ஆலை 2011 தானே புயலில் கடுமையாகச் சேதமுற்று, பின்னர் நலிந்து, 2020இல் மூடப்பட்டது. சங்கு நின்ற பின்னும் அவர் அதே நேரத்தில்தான் விழிக்கிறாராம். "காலங்காத்தால முழிச்சுக்கிட்டு என்ன பண்றது தம்பி, அதான் பீச்சுக்கு நடந்து வந்துடறேன்" என்றார். கடற்கரைச் சாலையின் அமைதியான நடைப்பயிற்சியாளர்களுள் அவரும் ஒருவர். ஒளிப்படத்தில் அவர் அமைதியின் அடையாளமாகத் தெரிவார்.

இனி அந்த மணல்திட்டு. லெ ழாந்தி கேட்ட ஓசையைத் தேடி, அதிகாலையில் பலமுறை கடற்கரையில் நின்றேன். கேட்டது வேறு ஓசை. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதிய துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. சுவர் அதனை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே நகரின் முன்னிருந்த மணற்பரப்பு சில ஆண்டுகளில் கரைந்துபோனது. கடல் சாலையைத் தொட்டபோது கருங்கல் கொட்டப்பட்டது. அரிப்பு அங்கிருந்து இன்னும் வடக்கே நகர்ந்து, தமிழ்நாட்டு எல்லைக்குட்பட்ட கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் ஆகிய ஊர்களின் வீடுகளைத் தின்றது. 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் முயற்சியால் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைக்கப்பட்டுத் தலைமைச் செயலகத்தின் எதிரே ஓரளவு மணல் திரும்பியிருக்கிறது. மற்ற இடங்களில் அலை மோதுவது கல்லின் மீது.

மணல் போனதால் என்ன போனது என்பதைக் குருசுக்குப்பத்திலோ வைத்திக்குப்பத்திலோ கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். படகு ஏற்ற இடமில்லை. வலை விரிக்க, கருவாடு காயவைக்க, கரைவலை இழுக்க இடமில்லை. கருங்கல் கொட்டிய கரையில் படகை இறக்க முடியாது. விடியற்காலையில் கடலுக்குப் போவோரின் கூவலும், படகுத் தள்ளும்போது எழும் கூட்டுக்குரலும், ஏலம் கேட்கும் பெண்களின் சத்தமும் நகரின் முகப்பிலிருந்து அகன்றதற்கு மீனவரின் மனமாற்றமோ காலமாற்றமோ காரணமன்று. கரை இல்லாமற்போனதே காரணம். கடற்கரைச் சாலையின் வைகறை அமைதியில் மிகப் புதிய அடுக்கு இது. அதற்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. மரபுச்சின்னப் பாதுகாப்பு பற்றிய உரையாடல்களில் அமைதியும் பாதுகாக்கப்பட வேண்டிய பொருளாகச் சேர்க்கப்பட்டுவருகிறது. எனக்கும் அந்த அமைதி பிடிக்கும். இந்தப் பதிவின் பாதி அங்கே அமர்ந்து குறித்த குறிப்புகளால் ஆனது. ஆனால் அது பிறவிக் குணம் என்று நாம் எழுதிவிட்டால், நாளை மணல் முழுவதுமாகத் திரும்பி, குப்பத்தார் தம் படகுகளோடு பழைய இடத்துக்கு வந்தால், அவர்கள் மரபைக் கெடுப்பவர்களாகிவிடுவர். 1748இல் இடிக்கப்பட்ட கோயிலின் மணிக்கும், 2020இல் நின்ற சங்குக்கும், கரைந்த மணலுக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. அவற்றை ஒரே அமைதியாகக் கூட்டிக்காட்டும் சொற்றொடரை ஆய்வாளர்களாகிய நாம் கையாளும்போது சற்றுத் தயங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அடுத்து ஆலைச் சங்குகளின் நேர அட்டவணையைத் தொகுக்க முயல்கிறேன். மூன்று ஆலைகளும் ஒரே நேரத்தில் ஊதினவா, முன்பின்னாகவா, எந்தச் சங்கு எத்தனை தொலைவு கேட்டது என்பவை ஆவணங்களில் அரிதாகவே கிடைக்கின்றன. முதலியார்பேட்டை, உருளையன்பேட்டை, நெல்லித்தோப்புப் பகுதிகளைச் சேர்ந்த மாணவர்கள் இதைப் படித்தால், வீட்டிலுள்ள தாத்தா பாட்டியரிடம் கேட்டு எழுதுங்கள். முதல் சங்கு கேட்டதும் அவர்கள் முதலில் என்ன செய்தார்கள் என்பதையும் கேளுங்கள்.